கப்பல் பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் அவர்தானா இவர்?

கேள்வி: என் கணவரின் குடும்பம் பென்சில்வேனியாவில், பெர்க்ஸ் கவுண்டியில் எட்டு ஒன்பது தலைமுறையாக இருக்கிறது. குடும்பப் பெயர் ஸ்னைடர். ‘மூன்று அண்ணன் தம்பிகள் ஜெர்மனியிலிருந்து ஒன்றாக வந்தார்கள்’ என்று மாமனார் சொல்வார். இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் வம்சாவளியில், எங்கள் முதல் முன்னோர் ஜேக்கப் 1749-இல் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கியதாகக் கப்பல் பெயரோடு இருக்கிறது. இதை நம்பலாமா? அவருடைய பெற்றோரையும் சொந்த ஊரையும் கண்டுபிடிக்க எங்கே தொடங்குவது?

பதில்: இப்போதைக்கு நம்ப வேண்டாம். பொய் என்று சொல்லவில்லை, சான்று போதாது என்கிறேன். ஸ்னைடரின் ஜெர்மன் வடிவம் ஷ்னைடர், அப்படியென்றால் தையற்காரர். தையற்காரர் இல்லாத ஊர் இல்லை, ஆகவே ஷ்னைடர் இல்லாத ஊரும் அநேகமாக இல்லை. முன்பெயராவது உதவுமா என்றால் அது இன்னும் குழப்பும். அந்தக் காலத்து ஜெர்மன் வீடுகளில் ஆண்பிள்ளைகளுக்கு வரிசையாக யோஹான் யாக்கோப், யோஹான் பீட்டர், யோஹான் கேயார்க் என்று பெயர் வைப்பார்கள். கூப்பிடுவது இரண்டாம் பெயரால்தான். ‘யோஹான்னஸ்’ என்று முழுதாக எழுதியிருந்தால் மட்டும் அதுவே அவருடைய பெயர். ஜெர்மனில் யாக்கோப் என்பதுதான் ஆங்கிலத்தில் ஜேக்கப். ஆக, யோஹான் யாக்கோப் ஷ்னைடர் என்று கப்பல் பட்டியல்களில் தேடினால் ஒருவர் அல்ல, பலர் கிடைப்பார்கள். வம்சாவளி போட்டவர் வருஷம் ஒத்துப்போகும் ஒருவரை எடுத்துக்கொண்டார். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் நகலெடுத்திருப்பார்கள். பத்து இடத்தில் இருப்பதால் அது பத்துச் சான்று ஆகிவிடாது.

அந்தப் பட்டியல் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1727 செப்டம்பரில் தொடங்கி 1775 வரை, ஃபிலடெல்ஃபியாவில் இறங்கிய அந்நிய நாட்டவர்களை பிரிட்டிஷ் அரசருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க வைத்தார்கள். அந்தத் தாள்கள்தான் இவை. 16 வயது தாண்டிய ஆண்கள் மட்டும். பெண்களும் பிள்ளைகளும் பெரும்பாலும் இல்லை, சொந்த ஊர் இல்லை, அப்பா பெயர் இல்லை. ஆனால் ஒரு கப்பலுக்கு மூன்று பட்டியல் வரை இருக்கும்: கப்பல் தலைவர் கொடுத்தது ஒன்று, உறுதிமொழித் தாள்கள் இரண்டு. பின்னவை இரண்டிலும் எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் கையாலேயே கையெழுத்துப் போட்டார்கள். தெரியாதவர்களுக்கு ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி பெயரை எழுத, அவர்கள் பக்கத்தில் ஒரு கீறல் போட்டார்கள்.

இந்தக் கையெழுத்துதான் உங்களுக்குப் பிடி. இந்தப் பட்டியல்களை ஸ்ட்ராஸ்பர்கரும் ஹிங்கேவும் தொகுத்து 1934-இல் வந்த மூன்று தொகுதிகளில் இரண்டாவது முழுக்க அந்தக் கையெழுத்துகளின் நிழற்படம்தான். உங்கள் ஜேக்கப் உயில் எழுதியிருந்தால் அதன் கீழே உள்ள கையெழுத்தை இதோடு வைத்துப் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: கவுண்டி அலுவலகத்தின் உயில் பேரேட்டில் இருப்பது குமாஸ்தா எடுத்த நகல், கையெழுத்தும் அவர் எழுதியதே. மூல உயில்தான் வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். இருபது முப்பது வருஷத்தில் கை மாறும், கிழவரின் கை நடுங்கும். என்றாலும் கப்பலில் கம்பீரமாகக் கையெழுத்துப் போட்டவர் உயிலில் வெறும் கீறல் போட்டிருந்தால் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

பெயரின் எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். இதில் தமிழருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. இவர்களில் பலர் வந்த தென்மேற்கு ஜெர்மனியின் பலாட்டினேட் பக்கத்துப் பேச்சில் க, ட, ப ஒலிகளின் வன்மை மென்மை கலந்துவிடும். எழுத்தர் ஒரே குடும்பத்தை ஒரு நாள் ‘கே’ போட்டும் மறுநாள் ‘ஜி’ போட்டும் எழுதுவார். ஆங்கிலத்தில் தேடுபவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். நம் எழுத்தில் இந்த வேறுபாடே கிடையாது. கிரைடர் என்று எழுதினால் இரண்டும் ஒன்று, டீட்ஸ் என்று எழுதினாலும் அப்படித்தான். பெயரைத் தமிழில் எழுதிப் பாருங்கள், ஒரே மாதிரி வருவதையெல்லாம் ஒரே பெயராக வைத்துத் தேடுங்கள். மொழிபெயர்ந்த பெயர்கள் தனி வகை. லான்காஸ்டரில் சிம்மர்மன்கள் கார்பென்டர் ஆனார்கள், இரண்டுக்கும் தச்சர் என்றே பொருள். அப்படியே உங்கள் ஷ்னைடரில் ஒரு கிளை டெய்லர் ஆகியிருக்கலாம்.

இனி முக்கியமான விஷயம். கடலைத் தாண்ட அவசரப்படாதீர்கள். ஜேக்கப்பைத் தேடுவதைவிட அவரோடு இருந்தவர்களைத் தேடுங்கள். இந்த ஜனங்கள் தனியாக வரவில்லை. ஒரே ஊரார், பக்கத்து ஊரார், மைத்துனர், சித்தப்பா என்று சேர்ந்து ரைன் நதியில் படகேறி, ராட்டர்டாமில் கப்பல் பிடித்து, இங்கிலாந்துத் துறைமுகம் ஒன்றில் நின்று, ஃபிலடெல்ஃபியா வந்தார்கள். வந்த பிறகும் ஒரே பள்ளத்தாக்கில் நிலம் பிடித்தார்கள், தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்தார்கள். தனி மனிதனின் பெயர் ஆயிரம் பேருக்கு இருக்கலாம். பக்கத்தில் நிற்கும் ஆறு பேரின் பெயர் ஒரு ஊருக்கு மட்டும்தான் பொருந்தும்.

அந்த ஆறு பேர் எங்கே கிடைப்பார்கள்? முதலில் ஞானஸ்நானப் பதிவேட்டில். லுத்தரன், சீர்திருத்த சபை என்ற இரண்டு புராட்டஸ்டன்ட் சபைகளின் பதிவேடுகளில் பிள்ளையின் பெயர், பெற்றோர் பெயர், தேதி, அதோடு ஞானப் பெற்றோர், அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்பவர்களின் பெயர் இருக்கும். ஞானப் பெற்றோராகக் கண்டவரையும் நிற்க வைக்க மாட்டார்கள்; அண்ணன், கொழுந்தியாள், சொந்த ஊர்க்காரர் என்றுதான் இருக்கும். பெண்களின் குடும்பப் பெயரோடு ‘இன்’ விகுதி ஒட்டியிருக்கும், ‘ஷ்னைடரின்’ என்று இருந்தால் ஷ்னைடர் வீட்டுப் பெண். ஜேக்கப்பின் எல்லாப் பிள்ளைகளுக்கும் யார் யார் நின்றார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள்: ஜேக்கப் யார் வீட்டுப் பிள்ளைகளுக்கு நின்றார்? உங்கள் மாமனார் சொல்லும் மூன்று சகோதரர் கதைக்கும் இதுவே சோதனை. அமெரிக்காவில் இந்தக் கதை இல்லாத குடும்பம் குறைவு, எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் உண்மையில் சகோதரர் இருந்திருந்தால் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் நிற்காமல் இருந்திருக்க மாட்டார்கள்.

பதிவேடு தேடும்போது ஒரு சபையோடு நிறுத்தாதீர்கள். பெர்க்ஸ் பக்கம் லுத்தரனும் சீர்திருத்த சபையும் ஒரே கட்டடத்தை மாறி மாறிப் பயன்படுத்தினார்கள், பதிவேடு மட்டும் தனித்தனி. கணவன் ஒரு சபை, மனைவி ஒரு சபை என்ற வீடுகளும் உண்டு. அதோடு, ஊர் ஊராகக் குதிரையில் சுற்றிய போதகர்கள் தங்கள் சொந்தக் குறிப்பேட்டில்தான் எழுதினார்கள். யோஹான் காஸ்பர் ஸ்டோவர் 1730-களிலிருந்து 1779-இல் இறக்கும்வரை கொடுத்த ஞானஸ்நானங்களும் திருமணங்களும் அப்படி ஒரே ஏட்டில் இருக்கின்றன. எந்தக் கோயில் பதிவேட்டிலும் இல்லாத பிள்ளை அதில் இருக்கலாம். குடும்பம் மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவாக இருந்தால் இந்த வழி அடைபட்டது. அவர்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. நிலமும் உயிலும்தான் கதி.

நிலத்துக்கு மூன்று படி: விண்ணப்பித்துப் பெறும் ஆணை, அளவை, கடைசியில் பட்டா. மூன்றும் ஹாரிஸ்பர்கில் மாநில ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, பெரும்பகுதி இணையத்திலும் கிடைக்கும். பட்டாவைவிட அளவைப் படம் சுவாரஸ்யமானது, நான்கு எல்லையிலும் பக்கத்து நிலத்துக்காரர் பெயர் எழுதியிருக்கும். பெர்க்ஸ் கவுண்டி 1752-இல்தான் உருவானது. அதற்கு முந்திய தாள்களை ஃபிலடெல்ஃபியா, லான்காஸ்டர், செஸ்டர் கவுண்டிகளில் பாருங்கள். ஜேக்கப் உயில் இல்லாமல் இறந்திருந்தால் அநாதைகள் நீதிமன்றப் பதிவுகளைப் புரட்டுங்கள். தாய் உயிரோடு இருந்தாலும் தகப்பன் செத்தால் அன்று பிள்ளை ‘அநாதை’தான், சொத்துப் பிரிக்கும்போது பிள்ளைகள் பெயர் வரிசையாக வரும்.

இவ்வளவு தேடியும் கப்பல் பட்டியலில் பொருந்தவில்லை என்றால், அவர் ஃபிலடெல்ஃபியாவில் இறங்கவே இல்லாமல் இருக்கலாம். உதாரணத்துக்கு, அங்கே குடியேறிய கான்ராட் வைசர் என்பவரைப் பாருங்கள். வூர்ட்டம்பர்க்கில் அஃப்ஸ்டெட்டில் 1696-இல் பிறந்தவர். 1710-இல் தகப்பனோடு வந்து இறங்கியது நியூயார்க்கில், பெர்க்ஸ் பக்கம் டுல்பஹாக்கனுக்குக் குடிவந்தது 1729-இல். அவருக்கு முன்பே, 1723 முதல், நியூயார்க்கின் ஸ்கோஹாரியிலிருந்து பல குடும்பங்கள் சஸ்குவஹானா நதி வழியாக அங்கே வந்துவிட்டன. இவர்களில் யாரும் ஃபிலடெல்ஃபியா உறுதிமொழித் தாளில் இருக்க வழியில்லை. டுல்பஹாக்கன் பக்கத்துக் குடும்பம் என்றால் நியூயார்க்கில் இறங்கிய ஜெர்மானியருக்கு ஆளுநர் ஹன்டர் உணவு வழங்கிய 1710–1712 கணக்கில் பெயரைத் தேட வேண்டும்.

வைசரின் மகளைக் கட்டியவர் போதகர் ஹென்றி மெல்கியோர் மூலன்பெர்க். இங்கே சற்று விலகிப் போகிறேன். 1742-இல் அவரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பிய ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனம்தான் தரங்கம்பாடி மிஷனுக்கும் பின்பலம். அவரை முதலில் இந்தியாவுக்கு அனுப்பும் பேச்சுகூட நடந்தது. தமிழ் ஓலைச்சுவடிகளும் பென்சில்வேனியா போதகர்களின் கடிதங்களும் இன்றைக்கும் ஹாலேயில் ஒரே காப்பகத்தில் இருக்கின்றன. உங்களுக்கு இதில் காரியமும் உண்டு. மூலன்பெர்க்கின் நாட்குறிப்பு பெரியது, சபையாரின் சாவு, சண்டை, எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதெல்லாம் நடுநடுவே வரும். அதேபோல் ஜெர்மன்டவுனில் கிறிஸ்டோஃப் சவர் 1739 முதல் நடத்திய ஜெர்மன் பத்திரிகையின் விளம்பரங்களையும் பாருங்கள். ‘இன்ன ஊரிலிருந்து வந்த இன்னார் தன் தம்பியைத் தேடுகிறார்’ என்று போடுவார்கள். ஒரே வரியில் ஊர் கிடைத்துவிடும்.

இதற்கெல்லாம் பிறகு கடல் தாண்டலாம். ஜெர்மனி என்று ஒரே நாடு 1871 வரை கிடையாது, சின்னச் சின்னச் சிற்றரசுகள். பலவற்றில் குடிமக்கள் பிரபுவுக்குக் கட்டுப்பட்ட அடிமை நிலையில் இருந்தார்கள். வெளியேற விடுதலைக் கட்டணமும் கொண்டுபோகும் சொத்தில் ஒரு பங்கும் கட்ட வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகங்களில் ‘பென்சில்வேனியாவுக்குப் போகிறான்’ என்று குறித்திருக்கும். ஊர்ப் பதிவேட்டின் ஓரத்திலும் போதகர் எழுதியிருப்பார், சிலர் பென்சில்வேனியாவை ஒரு தீவு என்றே நினைத்து எழுதினார்கள். புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்க்கியோன் என்ற கட்டணத் தளம், கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மாட்ரிக்குலா, அது இலவசம். குர்ரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க ஒரு மாதம் பழக வேண்டும். அதில் ‘இ’ (e) எழுத்தும் ‘என்’ (n) எழுத்தும் ஒரே மாதிரி இருக்கும், கண் பழகும்வரை எரிச்சல்தான். தேதியையும் கவனியுங்கள். 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டிதான் வைத்திருந்தார்கள், உறுதிமொழித் தாளின் தேதி ஜெர்மன் தேதியைவிட 11 நாள் பின்தங்கியிருக்கும்.

ஒரு யாக்கோப் ஷ்னைடர் ஊரோடு கிடைத்துவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் அவரைக் ‘கொன்று’ பாருங்கள். அதாவது அதே ஊரின் அடக்கப் பதிவேட்டை 1800 வரை புரட்டுங்கள். சிறுவயதிலேயே செத்துப்போயிருந்தாலோ, 1760-இல் அதே ஊரில் கல்யாணம் பண்ணியிருந்தாலோ அவர் உங்களவர் இல்லை. இணைய வம்சாவளிகளில் பாதி இந்த ஒரு வேலையைச் செய்யாததால் வந்த வினை.

அந்த 1749 கப்பலுக்கு வருவோம். பட்டியலில் ஜேக்கப்புக்கு மேலே ஐந்து, கீழே ஐந்து பெயரை எழுதிக்கொள்ளுங்கள். கூடவந்தவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்து நின்றுதான் கையெழுத்துப் போட்டார்கள். அந்தப் பத்துப் பெயரையும் ஞானப் பெற்றோர் தாளோடும் அளவைப் படத்தின் எல்லைப் பெயர்களோடும் ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று பேர் ஒத்து வந்தால் வம்சாவளி போட்டவர் அதிர்ஷ்டசாலி, ஊகம் பலித்திருக்கிறது. ஒருவரும் வரவில்லை என்றால் வேறொரு ஜேக்கப்புக்கு இதே வேலையைச் செய்யுங்கள். ஞானப் பெற்றோர் தாள் தயாரானதும் எனக்கு அனுப்புங்கள், எந்தச் சிற்றரசுப் பக்கம் தேடலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.