காத்தரீனா ப்ளூம்: கொலைக்கு முந்தைய நான்கு நாட்கள்

அன்புள்ள ஐயா,

நீங்கள் பரிந்துரைத்த, ஜெர்மன் எழுத்தாளர் ஹைன்ரிஷ் ப்யோலின் ‘காத்தரீனா ப்ளூமின் இழந்த மானம்’ நாவலைப் படித்தேன். நிருபரைச் சுட்டுக் கொன்றவள்மேல் நமக்குப் பரிவு வரும்படி எழுதியிருக்கிறார். பயங்கரவாதம் பற்றிய கதையில் இரு தரப்பையும் காட்ட வேண்டாமா? கொலைக்கு நியாயம் கற்பிப்பதாகவே எனக்குப் பட்டது.

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

கொலையை ப்யோல் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். காத்தரீனாவே போலீஸ் அதிகாரியின் வீட்டுக்குப் போய், சுட்டுவிட்டேன், வருத்தம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை என்கிறாள். அதற்கு முந்தைய நான்கு நாட்களில் என்ன நடந்தது என்பதுதான் கதை.

வீட்டுவேலை செய்து பிழைக்கும் 27 வயதுப் பெண். ஒரு விருந்தில் ஒருவனைப் பார்க்கிறாள், பிடித்துப்போகிறது, வீட்டுக்கு அழைத்துப்போகிறாள். போலீஸ் தேடும் ஆள் அவன். அவ்வளவுதான், பத்திரிகையில் அவள் ‘கொள்ளைக்காரனின் ஆசைநாயகி’ ஆகிவிடுகிறாள்.

அவள் அம்மா வரும் இடத்தை மறுபடி படித்துப் பாருங்கள். அறுவை சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடப்பவளிடம் பெயின்டர் வேஷத்தில் நுழைகிறான் நிருபர். ‘ஏன் இப்படி ஆக வேண்டும், ஏன் இப்படி முடிய வேண்டும்?’ என்று அவள் புலம்புகிறாள். அச்சில் வருவது: ‘இப்படித்தான் ஆகும், இப்படித்தான் முடியும்.’ எளிய மனிதர்கள் நினைப்பதைச் சொல்ல உதவினேன் என்பது அவன் விளக்கம். பெற்றவளே மகளுக்கு எதிராகச் சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிட்டது. ஊர்ப் பாதிரியார், செத்துப்போன அப்பாவைக் கம்யூனிஸ்ட் என்கிறார். ஆதாரம் கேட்டால், மோப்பத்திலேயே தெரிந்தது என்கிறார். அப்பாவுக்கு ஒட்டிய முத்திரை மகள்மேலும் விழுகிறது.

இதற்கெல்லாம் பின்னணி உண்டு. 1971 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்ன் நகரில் நடந்த வங்கிக் கொள்ளையில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். விசாரணை முடியும் முன்பே ‘பில்ட்’ நாளிதழ், பாடர்-மைன்ஹோஃப் கும்பல் என்ற இடதுசாரி ஆயுதக் குழுவின் வேலை என்று தலைப்புப் போட்டது. ஆதாரம் எங்கே என்று ‘டெர் ஷ்பீகல்’ இதழில் ப்யோல் கேட்டார். அந்தக் குழுவைச் சேர்ந்த ஒருவருக்கு இந்த வழக்கில் பின்னாளில் தண்டனை கிடைத்தது உண்மை. ஆனால் தலைப்புப் போட்ட அன்று ஆதாரம் இல்லை. கேட்டதற்கே ப்யோல் பயங்கரவாத ஆதரவாளர் ஆக்கப்பட்டார். 1972 ஜூனில் அவர் வீட்டைப் போலீஸ் சோதனை போட்டது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டுதான். நாவல் 1974இல் வந்தது.

இரு தரப்பு என்கிறீர்கள். ஒரு தரப்பு தினமும் காலையில் லட்சக்கணக்கில் அச்சாகி வந்துகொண்டிருந்தது. ப்யோல் எழுதியது மற்றதை. ஆனால் நிருபர் விஷயத்தில் உங்கள் குறை நியாயமானதுதான். சுடப்படுவதற்கென்றே படைத்த ஆள் மாதிரி இருக்கிறான். அந்த அம்மாவின் வாக்கியத்தை எந்த அவசரத்தில், யாருக்குப் பயந்து அவன் மாற்றினான் என்று ப்யோல் அரைப் பக்கம் எழுதியிருந்தால் நாவல் இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும்.