முகாமிலும் மலைப்பாதையிலும் பல் பாதுகாப்பு: வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் பள்ளிச் சாரணர் மாணவர்களை அழகர்மலை அடிவாரத்தில் மூன்று நாள் முகாமுக்கு அழைத்துச் செல்கிறோம். அங்கே தண்ணீர் குறைவாகத்தான் கிடைக்கும். ‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்பார்களே, மூன்று நாளைக்கு வேப்பங்குச்சி போதாதா?’ என்று உடன் வரும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். தங்கள் கருத்து என்ன, டாக்டர்?
– ஆசிரியை, மேலூர்

பதில்: வேப்பங்குச்சியை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன், அம்மா. சுண்டுவிரலைவிடச் சற்று மெல்லிய இளங்குச்சியை எடுத்து, அதன் நுனியைக் கடைவாயில் வைத்து நார்நாராகப் பிரியும்வரை மென்று, அந்த நாரால் ஈறிலிருந்து பல்லின் முனையை நோக்கி மெதுவாகத் தேய்த்தால், பல்லின் மேல் படியும் அழுக்குப் படலம் நன்றாகவே நீங்கும். ஆனால் பற்களின் உட்புறமும் கடைவாய்ப் பற்களின் இடுக்குகளும் குச்சிக்கு எளிதில் எட்டுவதில்லை. பிள்ளைகளுக்குச் சொத்தை பெரும்பாலும் கடைவாய்ப் பற்களில்தான் தொடங்குகிறது. பல்லின் எனாமலை உறுதிப்படுத்தும் ஃபுளோரைடும் குச்சியில் கிடைக்காது. ஆகையால் காலையில் வேப்பங்குச்சி வைத்துக்கொண்டாலும், இரவில் படுக்கும் முன் ஃபுளோரைடு 1000 பி.பி.எம்.-க்குக் (அதாவது பத்து லட்சத்தில் 1000 பங்குக்கு) குறையாத பற்பசையால் துலக்கியே ஆக வேண்டும். தூக்கத்தில் எச்சில் ஊறுவது வெகுவாகக் குறைந்துவிடுவதால், பல்லில் ஒட்டிய உணவு இரவு முழுவதும் கிருமிகளுக்குத் தீனியாகிறது.

தண்ணீரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதே இல்லை. பட்டாணி அளவு பசையை வைத்து இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமலே விட்டுவிடலாம். ஃபுளோரைடு பல்லின் மேல் சற்று நேரம் தங்குவதற்கு அதுவே நல்லது என்பதால், வீட்டில் இருக்கும்போதும் நான் இதையே வலியுறுத்துகிறேன். பிரஷை நனைக்க ஒரு மடக்குத் தண்ணீர் போதும். அதுவும் கொதித்து ஆறியதாக இருக்கட்டும், ஓடைத் தண்ணீர் வேண்டாம்.

குச்சியை ஊரிலிருந்தே கொண்டு செல்லுங்கள். காப்புக்காட்டில் மரக்கிளை ஒடிப்பது சட்டப்படி குற்றம். அதோடு, பெயர் தெரியாத செடியின் குச்சியை ஆர்வத்தில் எந்த மாணவனும் வாயில் வைத்துவிடக் கூடாது. அரளிக்குச்சியை மென்றால் உயிருக்கே ஆபத்து. துப்புவது சுனையிலிருந்தும் ஓடையிலிருந்தும் 200 அடியாவது தள்ளி இருக்கட்டும். பற்பசையின் மணத்துக்குக் குரங்குகள் கூடாரத்துக்குள்ளேயே வந்துவிடும் என்பதால், அதை உணவுப் பொருட்களோடு சேர்த்து மூடி வையுங்கள். ஈர பிரஷை மட்டும் மூடிப் பூட்டாமல் காற்றில் உலர விடுங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன். நடக்கும் நாட்களில் ஈறு வீங்கி, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. வெயில் காரணமா?
– திருமங்கலம் வாசகர்

பதில்: வெயிலுக்கும் பங்கு உண்டு. நடந்து வியர்த்து உடலில் நீர் வற்றினால் எச்சில் குறையும். எச்சில்தான் பல்லுக்கு இயற்கையான காவல். ஆனால் வழிநெடுகப் பக்தர்கள் அன்போடு கொடுக்கும் பானகம், தேநீர், கடலைமிட்டாய் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். இனிப்பு வாயில் பட்டதும் கிருமிகள் அமிலத்தைச் சுரக்கின்றன. அது தணிய ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த பந்தலில் அடுத்த குவளை வந்துவிட்டால், பல் நாள் முழுவதும் அமிலத்திலேயே ஊறிக் கிடக்கிறது. பானகத்தை மறுக்கச் சொல்லவில்லை. சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே நடக்காமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கொப்பளியுங்கள். அலுப்பில் இரவுத் துலக்கலையும் விட்டுவிட்டால் ஈறு வீங்காமல் என்ன செய்யும்? ரத்தம் வருகிறதே என்று துலக்காமல் இருப்பது நோயை வளர்க்கும். மென்மையான பிரஷால் துலக்கத்தான் வேண்டும். ஆண்டு தவறாமல் வருகிறது என்கிறீர்கள், ஆகவே புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே பல்லில் படிந்த காரையை நீக்கிக்கொண்டு, ரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துவிடுங்கள். கட்டுப்படாத சர்க்கரை நோய் முதலில் ஈறில் தெரிவது உண்டு.

கேள்வி: கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறும்போது மட்டும் ஒரு பல் வலிக்கிறது. இறங்கினால் குறைந்துவிடுகிறது.
– கல்லூரி மாணவர், ஒத்தக்கடை

பதில்: உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைகிறது, சொத்தைக்குள்ளோ பழுதான அடைப்புக்குக் கீழோ சிக்கிய காற்று விரிந்து நரம்பை அழுத்துவதால் இப்படி வலிக்கலாம். பழுதில்லாத பல்லுக்கு இது நேராது. கீழே வந்ததும் வலி நின்றுவிட்டதே என்று விட்டுவிடாமல், அடுத்த பயணத்துக்கு முன் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மேகமலைப் பக்கம் தங்கியிருந்தபோது நள்ளிரவில் தாங்க முடியாத பல்வலி. எருக்கம்பாலை வைக்கச் சொன்னார்கள், பயந்து வைக்கவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?
– வாடிப்பட்டி வாசகர்

பதில்: வைக்காமல் விட்டது மிக நல்ல முடிவு. எருக்கம்பால் ஈறைப் புண்ணாக்கும். கைபட்டுக் கண்ணில் தெறித்தால் பார்வையையே பாதிக்கும். வலி மாத்திரையைப் பல்லின் மேல் அடக்கி வைப்பதும் ஈறை வேகவைத்துவிடும். முதலில் பல்லிடுக்கில் ஏதேனும் சிக்கியிருக்கிறதா என்று நூலால் எடுத்துப் பாருங்கள். ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பைக் கரைத்துக் கொப்பளியுங்கள். ஒரு கிராம்பை அந்தப் பல்லருகே வைத்து லேசாகக் கடித்திருந்தால் வலி ஓரளவு மரத்துப்போகும். ஒவ்வாமையோ கல்லீரல் நோயோ இல்லாத பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேர இடைவெளியில் எடுத்துக்கொள்ளலாம். மலையேறி நீர் வற்றிய உடலோடு வேறு வலி மாத்திரைகளை விழுங்குவது சிறுநீரகத்துக்குக் கெடுதல்.

இவை விடியும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே. கன்னமோ தாடைக்கு அடியோ வீங்குவது, காய்ச்சல், வாயைத் திறக்க முடியாமை, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழைத்துக் கீழே இறங்கிவிட வேண்டும். பல்லின் சீழ் கழுத்துக்குப் பரவினால் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். வீக்கத்தின் மேல் சூடான ஒத்தடம் கொடுக்கவே கூடாது.

கேள்வி: மலையேற்றத்தில் என் தம்பி பாறையில் வழுக்கி விழுந்ததில் முன்பல் ஒன்று வேரோடு வந்துவிட்டது. துடைத்துக் காகிதத்தில் மடித்து மறுநாள் கொண்டுபோனோம். இனி ஒட்டாது என்றார்கள். வேறு வழி இருந்ததா?
– உசிலம்பட்டி வாசகி

பதில்: இருந்தது, அம்மா. இது பலருக்கும் தெரியாத செய்தி என்பதால் விரிவாகச் சொல்கிறேன். விழுந்த பல்லை உற்றுப் பார்த்தால், வெண்மையான மேற்பகுதிக்குக் கீழே மஞ்சள் நிற வேரின் மேல் மெல்லிய சவ்வு ஈரமாக ஒட்டியிருப்பது தெரியும். பல்லை எலும்போடு பிணைக்கும் உயிரணுக்கள் அதில்தான் இருக்கின்றன. காற்றில் உலர்ந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறந்துவிடும். அதனால் வேரைத் தொடாமல் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலிலோ சுத்தமான நீரிலோ சில விநாடிகள் மட்டும் அலசுங்கள். தேய்க்கவோ துடைக்கவோ கூடாது. அடிபட்டவர் நினைவோடு இருந்தால், பக்கத்துப் பற்களைப் பார்த்துத் திசை மாறாமல் குழிக்குள் அங்கேயே பொருத்தி, சுத்தமான துணியை மடித்து மெதுவாகக் கடித்திருக்கச் சொல்லலாம். இதற்கு மனத் துணிவு வேண்டும். ஆனால் பல்லைக் காப்பாற்ற இதைவிடச் சிறந்த வழி இல்லை.

பொருத்த இயலாவிட்டால் காய்ச்சாத குளிர்ந்த பாக்கெட் பாலில் பல்லைப் போட்டுக் கொண்டுவாருங்கள். பால் கிடைக்காத மலையில், மலையேறுபவர்களின் பையில் எப்படியும் இருக்கும் ஓ.ஆர்.எஸ். பொடியைச் சுத்தமான நீரில் கரைத்து அதில் வைக்கலாம்; அதுவும் இல்லையென்றால், அடிபட்டவரையே ஒரு டப்பாவில் எச்சிலைத் துப்பச் சொல்லி அதில் மூழ்க வையுங்கள். வெறும் தண்ணீர் கடைசிப் புகலிடம்தான், ஆனாலும் காகிதத்தைவிட மேல். தாமதமாகிவிட்டது என்று பல்லை எறிந்துவிடாதீர்கள். பிழைக்குமா என்பதைப் பல் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். மண்ணில் விழுந்த பல் என்பதால் டெட்டனஸ் ஊசி தேவையா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மயக்கமோ வாந்தியோ இருந்தால் பல்லை மறந்து தலைக் காயத்தை முதலில் கவனியுங்கள். இவையெல்லாம் நிலைப் பற்களுக்கு மட்டும். சிறு குழந்தைகளின் பால் பல் விழுந்தால் அதைத் திரும்பப் பொருத்தக் கூடாது, அடியில் வளரும் நிலைப் பல்லுக்கு அது சேதம் விளைவிக்கும்.