இலங்கையில் மரவள்ளி உற்பத்தி 1970களுக்குப் பிறகு ஏன் விழுந்தது? மீண்டும் கூடுமா?

கோதுமை மாவில் சுடுகிற பாண் மலிவானதால் விழுந்தது. பழைய அளவுக்கு மீண்டும் கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. மட்டக்களப்பில் படுவான்கரைப் பக்கம் எங்களுக்கு வயலோடு கொஞ்சம் மேட்டுக்காணியும் இருக்கிறது. அதில் மரவள்ளி போடாத வருசம் குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலக உணவு விவசாய நிறுவனத்தின் தரவு 1961இலிருந்து கிடைக்கிறது. அதைக் கோடாகப் போட்டுப் பார்த்தால் எழுபதுகளின் நடுப்பகுதி வரை ஏறுகிறது. 1977க்குப் பிறகு இறங்கி, 2000களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 2 லட்சம் தொன்னுக்குச் சற்று மேலே வந்து நிற்கிறது. பிறகு கொஞ்சம் ஏறி 3 லட்சத்தை ஒட்டியே ஓடுகிறது. எழுபதுகளின் உச்சத்தை அது திரும்ப எட்டவே இல்லை.

இந்தக் கோட்டைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பக்கத்தில் அரிசியையும் கோதுமை மாவையும் வைத்துப் பார்க்க வேண்டும். மரவள்ளியை 1786இல் மொரீசியஸிலிருந்து கொண்டுவந்தவர் ஒல்லாந்த ஆளுநர் வான் டி கிராஃப். ஆனாலும் அரிசிக்குத் தட்டுப்பாடு வந்த காலங்களில்தான் அதற்கு மவுசு. 1942இல் பர்மா யப்பானியரிடம் விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது இப்படி ஒரு காலம் வந்தது. அடுத்தது 1970–77 சிறிமாவோ பண்டாரநாயக்க ஆட்சி. உலகச் சந்தையில் தானிய விலையும் எண்ணெய் விலையும் ஏறின, கையில் அந்நியச் செலாவணி இல்லை, கூப்பனுக்குக் கிடைத்த பங்கீட்டு அரிசி குறைந்தது, மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுபோகவும் தடை. நெல் விளையும் எங்கள் பக்கத்திலேயே காலைக்கு அவித்த மரவள்ளியும் சம்பலும்தான் என்று அம்மம்மா சொல்லுவா. அந்தத் தலைமுறையில் பலர் இன்றைக்கும் மரவள்ளியைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அவர்களுக்கு அது பஞ்சகாலச் சாப்பாடு.

1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. 1980இல் திருகோணமலையில் பிரிமா கோதுமை மா ஆலை ஓடத் தொடங்கியது. விடிய எழும்பிக் கிழங்கு உரித்து, வெட்டி, மூடி போடாமல் அவிக்கிற வேலைக்குப் பதிலாகக் கடையில் ஒரு றாத்தல் பாண் வாங்கினால் முடிந்தது. இந்தப் போட்டியில் கிழங்கு எப்படி வெல்லும்?

இன்னொன்றையும் கவனியுங்கள். உற்பத்தி விழுந்ததற்குக் காரணம் விளைச்சல் குறைந்தது இல்லை, நிலம் சுருங்கியதுதான். இப்போது ஹெக்டேருக்கு 12, 13 தொன் வருகிறது. தமிழ்நாட்டில் சேலம், நாமக்கல் பக்கம் தண்ணீர் பாய்ச்சி 30 தொன்னுக்கு மேல் எடுக்கிறார்கள். அங்கே கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகிறது, ஆலை நாள்தோறும் கேட்கும். இங்கே அது பெரும்பாலும் நேரே அடுப்புக்குத்தான் போகிறது.

கிழங்கைப் பிடுங்கி வைக்கவும் முடியாது. இன்று பிடுங்கியதை நாளை மறுநாள் வெட்டிப் பாருங்கள், வெள்ளைச் சதைக்குள் நீலமும் கறுப்புமாகக் கோடு கோடாக ஓடியிருக்கும். "பட்டா வராமப் புடுங்காத மனே, நாளைக்கு ஒருத்தனும் எடுக்கமாட்டான்" என்பார் மாமா. பட்டா என்றால் கிழங்கு ஏற்ற வருகிற சின்ன லொறி. அந்த லொறிக்காரருக்கும் இது தெரியும், அதனால் விலை அவர் சொல்வதுதான். பொறுத்துப் பார்ப்போம் என்று மண்ணுக்குள்ளேயே விட்டால் கிழங்கு நார் பிடித்துவிடும், அதற்குள் பன்றி வந்து கிண்டிவிடும். எங்கள் பக்கம் பலர் மரவள்ளியை விட்டதற்குப் பன்றியும் யானையும் சந்தையளவு பெரிய காரணங்கள், ஆனால் எந்த வரைபடத்திலும் அவை தெரியாது.

கிழக்கின் எண்களை நம்புவதிலும் கவனம் தேவை. போரால் 2001 குடிசன மதிப்பீடே வடக்கு கிழக்கில் முழுமையாக நடக்கவில்லை. அப்படியிருக்க, வளவு மூலையில் நிற்கிற நாலு மரவள்ளியை யார் எண்ணியிருப்பார்கள்? 2007ஐ ஒட்டி படுவான்கரைச் சனம் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்தபோது பயிரே இல்லை, அது வேறு கதை.

2022இல் மறுபடி ஒரு சந்தர்ப்பம் வந்தது. 2021 இரசாயன உரத்தடையால் நெல் விளைச்சல் விழுந்து, மா விலை எகிறியது. அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். பெரிதாக உரம் கேட்காத பயிர் என்பதால் எங்கள் பக்கமும் கண்ட கண்ட இடமெல்லாம் தடி நட்டார்கள். ஆனால் மரவள்ளி முற்ற எட்டுப் பத்து மாதம் வேண்டும். கிழங்கு வந்து சேர்ந்த நேரம் அரிசியும் மாவும் திரும்பக் கடைக்கு வந்துவிட்டன. நட்டவருக்கு விலை கிடைக்கவில்லை, அடுத்த மாரிக்கு அவர் நடவில்லை. கோட்டில் தெரிகிற சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களில் பலவற்றுக்கு இந்தத் தாமதமே காரணம் என்பது என் கணிப்பு.

நோயை விட்டுவிட்டேன். வெள்ளை ஈ பரப்புகிற தேமல் நோய்க் கிருமிக்கு நம் நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ் என்று. 2015இல் கம்போடியாவில் தென்பட்டு, பிறகு வியட்நாம், தாய்லாந்து என்று தோட்டம் தோட்டமாகப் பிடித்தது அதுதான். இங்கே உற்பத்தி விழுந்ததோ அதற்கு வெகு முன்பே, ஆகவே பழியை அதன்மேல் போட முடியாது.

கூடுமா என்று கேட்டிருந்தீர்கள். பஸ்ஸில் மிளகாய்த்தூள் தூவிப் பையில் விற்கிற மரவள்ளிப் பொரியலுக்கு நல்ல கிராக்கி இருக்கிறது, அதற்கென்றே நடுகிறவர்களும் உண்டு. 3 லட்சத்தை ஒட்டி நிற்க அது உதவும். அதற்கு மேலே போவதென்றால் மாவோ ஸ்டார்ச்சோ செய்கிற ஆலை ஒன்று, முன்கூட்டியே விலை பேசி, பிடுங்கிய அன்றே எடுக்க வேண்டும். அப்படி ஒன்று செங்கலடிப் பக்கமோ அம்பாறைப் பக்கமோ வந்தால் மாமா இன்னும் ஒரு ஏக்கர் போடுவார். பன்றிக்கு வேலி அடிக்கிற செலவை யார் தருவது என்றுதான் முதலில் கேட்பார்.