வலை இழுக்கும் கை மெலிகிறது, மோட்டார் நியூரான் நோயா?

பாம்பனில் கடலுக்குப் போகும் அப்பாவுக்கு வலது கை மெலிகிறது, சதை துடிக்கிறது, மரத்துப்போகவில்லை என்கிறீர்கள். இது மோட்டார் நியூரான் நோயோ, அதாவது தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் படிப்படியாக அழியும் நோயோ என்ற சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் அதற்குள் முடிவு கட்டிவிடாதீர்கள். கழுத்தில் நரம்பு அழுந்தினாலும் கை மெலியும். மோட்டார் நியூரான் நோயை உறுதிசெய்ய ஒற்றைப் பரிசோதனை கிடையாது. எம்ஆர்ஐ, நரம்புக் கடத்தல் சோதனை, ஈஎம்ஜி (தசையின் மின் செயல்பாட்டைப் பார்க்கும் சோதனை) எல்லாம் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நரம்பியல் பிரிவு இருக்கிறது.

உறுதியானால், ரிலுசோல் மாத்திரை நோயின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும், குணமாக்காது. அதனால் வீட்டுப் பராமரிப்புதான் பெரிது. தண்ணீர் புரையேறினால் நிமிர்ந்து உட்காரவைத்து, கஞ்சியைக் கெட்டியாக, மெதுவாகக் கொடுங்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது, விடிந்தால் தலைவலி என்றால் தள்ளிப்போடாதீர்கள், சுவாசக் கருவி தேவைப்படலாம். அப்புறம், பேச்சு குழறும் முன்பே அப்பாவின் குரலைப் போனில் பதிந்து வையுங்கள்.