ஸ்கானில் நிணநீர்க் கணு பெரிதாகத் தெரிந்தால் என்ன பொருள்?

நிணநீர் என்பது உடலின் திசுக்களிலிருந்து சேர்ந்து ஓடும் தெளிந்த நீர்; அதை வடிகட்டும் சிறு திரட்சியே நிணநீர்க் கணு. கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, வயிறு என நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இலங்கைப் போர்க்காலத்தில் வவுனியாவுக்கு வடக்கே ஓமந்தைச் சோதனைச் சாவடியில் சோதனை இறுகியபோது வரிசை நீண்டதே, அதுபோலக் கிருமி வந்தால் அதை எதிர்க்கும் வெள்ளணுக்கள் கணுவில் குவிந்து அது வீங்குகிறது. வயலில் முள் குத்திக் கால் சீழ்பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுவதும் இதனால்தான்.

கணுவின் குறுக்களவு, அதாவது குறுகிய பக்கத்தின் அளவு, 10 மில்லிமீற்றருக்குள் இருந்தால் பெரும்பாலும் இயல்பு. தொடையிடுக்கில் 15 வரை போகலாம். இலக்கத்தை மட்டும் பார்த்துப் பதறுவது வீண்.

பலர் ஸ்கான் அறிக்கையைப் பிரித்ததுமே புற்றுநோய் என்று முடிவுகட்டுகிறார்கள். சாதாரணத் தொற்றும் காசநோயும்கூடக் கணுவை வீங்கச் செய்யும். ஆனால் வீக்கம் ஒரு மாதம் தாண்டியும் வற்றாமல், இரவு வியர்வையும் உடல் மெலிவும் சேர்ந்தால், வைத்தியர் ஊசியால் மாதிரி எடுக்கச் சொல்வதைத் தள்ளிப்போடக் கூடாது.