குடிமையியலை ஒப்பிக்காமல் கற்பிக்க ஒரே ஒரு தகவல் மனு போதும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடிமையியலையும் வாழ்க்கைத் திறனையும் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும். புத்தகத்தை வாசிக்கச் சொல்வதைத் தாண்டி என்ன செய்யலாம்?

பத்துச் செயல்பாடுகள் வேண்டாம். வகுப்புக்கு ஒரு தகவல் உரிமை மனு (அரசு அலுவலகத்தில் இருக்கும் பதிவைக் கேட்டு வாங்கும் மனு), உண்மையான அலுவலகத்துக்கு, ஜூலையிலேயே. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தில் உள்ளாட்சி, மனித உரிமை இரண்டும் இருக்கின்றன. இரண்டையும் இந்த ஒரு தாளில் கட்டிவிடலாம். ஜூலை என்பதற்குக் காரணம் உண்டு. பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம். ஆகஸ்டில் பதில் கையில் இருந்தால் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் பேசி முடிக்கலாம். நவம்பரில் தொடங்கினால் அரையாண்டுத் தேர்வில் அடித்துக்கொண்டு போய்விடும்.

முதல் பாடவேளையில் தெருவில் கண்ட குறைகளை எழுதச் சொல்லுங்கள். கரும்பலகை ஐந்து நிமிடத்தில் நிரம்பிவிடும். எல்லாம் 'ஏன்' என்றுதான் வரும்: "எங்க தெருவுல ஏன் லைட் எரியல?" இதை அப்படியே அனுப்பினால் உருப்படியான பதில் வராது. 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அலுவலகத்தில் இருக்கும் பதிவைத்தான் தரச் சொல்கிறது. இல்லாத விளக்கத்தை அலுவலர் உட்கார்ந்து எழுதித் தர வேண்டியதில்லை. ஆகவே இரண்டாவது பாடவேளை முழுக்க 'ஏன்' என்பதை 'எத்தனை, எப்போது, எந்தப் பதிவேட்டில்' என்று மாற்றும் வேலைதான். இதில் அவசரப்படாதீர்கள், மொத்தப் பாடமும் இங்கேதான் இருக்கிறது. அந்த லைட் கேள்வி இப்படி மாறும்:

"01.04.2024 முதல் 31.03.2025 வரை (தெருவின் பெயர்) தெருவில் உள்ள தெருவிளக்குகளின் எண்ணிக்கை, பழுது குறித்துப் பதிவான புகார்களின் தேதி, பழுது நீக்கிய தேதி, அதற்கான செலவு ஆகிய விவரங்களும் புகார்ப் பதிவேட்டின் தொடர்புடைய பக்கங்களின் நகலும் வழங்குக."

தெருப் பெயரும் தேதி வரம்பும் இல்லாத மனு பெரும்பாலும் "விவரம் தெளிவாக இல்லை" என்று திரும்பும். ஒரு மனுவில் நான்கைந்து கேள்விக்கு மேல் வேண்டாம். காரணம் கேட்டால் என்ன சொல்வது என்று பிள்ளைகள் பயப்படுவார்கள். எதற்காகக் கேட்கிறாய் என்று அலுவலகம் கேட்க முடியாது, பிரிவு 6(2).

மூன்றாவது பாடவேளையில் தாள் வேலை. அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி, கையொப்பம். பெறுநர் இடத்தில் 'பொதுத் தகவல் அலுவலர்' என்றும் அலுவலகத்தின் பெயரும். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டியது அவர்கள் பொறுப்பு, பிரிவு 6(3). கட்டணம் 10 ரூபாய், மாநில அரசு அலுவலகம் என்றால் கோர்ட் ஃபீ ஸ்டாம்பாக ஒட்டலாம். இங்கேதான் பாதிப் பேர் ரெவின்யூ ஸ்டாம்பையோ தபால்தலையையோ ஒட்டிக்கொண்டு வருவார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிவிடுங்கள், வாழ்நாளுக்கும் மறக்காது. ஒட்டிய மனுவை ஒரு நகல் எடுத்துவிட்டுத்தான் உறையில் போட வேண்டும். நேரில் கொடுத்தால் அந்த நகலில் தேதியோடு அலுவலக முத்திரை. தபாலில் போனால் ஸ்பீட் போஸ்ட் ரசீது நகலோடு பின் செய்யப்பட வேண்டும். முப்பது நாளை எண்ணப்போவது இந்தத் துண்டுச் சீட்டை வைத்துத்தான்.

மனுவில் பிள்ளையின் பெயரும் வீட்டு முகவரியும் போகக் கூடாது. சட்டம் வயது வரம்பு சொல்லவில்லை. ஆனாலும் யாராவது வீடு தேடி வந்து "எதுக்குப்பா இதெல்லாம்" என்று கேட்கும் நிலை பதினான்கு வயதுப் பிள்ளைக்கு எதற்கு? விருப்பமுள்ள பெற்றோர் ஒருவர் கையொப்பமிடட்டும். தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முதல் ஆண்டில் உங்கள் பள்ளியைப் பற்றியே கேட்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும் நாட்களில் வகுப்புச் சுவரில் ஒரு காலண்டர், தினம் ஒரு பிள்ளை ஒரு கட்டத்தை அடிக்கட்டும். இடையில் ஆகஸ்ட் 15 வரும், ஊராட்சிகளில் அன்று கிராம சபை. வாக்காளர் பட்டியலில் இருப்பவர்களே அதில் உறுப்பினர். பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்து எத்தனை தீர்மானம் வாசிக்கப்பட்டது, எதற்குக் கேள்வி வந்தது என்று குறித்து வரலாம்.

நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் அது மறுப்பு என்று நினைத்துப் பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள். மறுப்பு இல்லை, கட்டினால் நகல் வரும். கடிதம் கிளம்பிய நாளுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாளில் சேராது, காலண்டரில் அதை வேறு நிறத்தில் அடியுங்கள்.

முப்பது நாள் கடந்தும் ஒன்றும் வராவிட்டால் சட்டப்படி அது மறுப்புக்குச் சமம். அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, பிரிவு 19(1). பழைய மனுவின் நகல், தபால் ரசீது (நேரில் கொடுத்திருந்தால் நகலில் உள்ள முத்திரையே போதும்), "பதில் வரவில்லை" என்று ஒரு வரி. ஒரு பாடவேளையில் எழுதி முடிக்கலாம்.