ஆறு ட்ரை வைத்தும் ஏன் தேசிய அணிக்குக் கூப்பிடவில்லை?

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. கொழும்பில் லீக் ஆடும் ஒரு றக்பிக் கழகத்தில் 7ஆம் இலக்கம், ஓப்பன்சைட் ப்ளாங்கர். இந்தப் பருவத்தில் ஆறு ட்ரை (எதிரணிக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைப்பது) வைத்திருக்கிறான், பேப்பரிலும் பெயர் வந்தது. ஆனால் தேசியப் பயிற்சிக் குழாமில் பெயர் இல்லை. தெரிவாளர்களைத் தெரியும் என்று ஒருவர் மூன்று லட்சம் கேட்கிறார். தம்பியோ கம்பனி வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் பயிற்சி செய்யப் போகிறேன் என்று நிற்கிறான். கழகத்தில் நன்றாக ஆடினால் நாட்டுக்கு ஆட முடியாதா? என்ன செய்வது?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்:

காசு விஷயத்தை முதலில் முடிப்போம். ஒரு சதமும் கொடுக்காதீர்கள். தேசியக் குழாமுக்கு வீரரைக் கூப்பிடுவது கழகத்தின் வழியாக, கடிதத்தில். அதற்குக் கட்டணம் என்று ஒன்று கிடையாது.

இந்த வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். ஒருவர் ஐந்து குடும்பங்களிடம் காசு வாங்குவார், யாரிடமும் எதுவும் பேசமாட்டார். ஐந்து பையன்களும் ஓரளவு நன்றாக ஆடுகிறவர்கள்தான், ஆகவே ஒருவனுக்காவது தானாகவே அழைப்பு வரும். அவனைக் காட்டி அடுத்த வருடம் பத்துப் பேரிடம் வாங்குவார். மற்ற நான்கு வீட்டுக்கும் ஒரே பதில்: 'பெயர் போட்டாச்சு, மேலே நிற்குது.'

இந்த 'மேலே நிற்குது' என்ற பேச்சுக்கு இடம் கொடுப்பது நம்முடைய முறைதான். 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டத்தின்படி தேசிய அணி வெளிநாடு போக விளையாட்டு அமைச்சரின் அனுமதி வேண்டும். தெரிவாளர்கள் எழுதிய பட்டியல் எந்த மேசையில், எத்தனை நாள் படுத்திருக்கிறது என்று வீரனுக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது. அந்த இருட்டில்தான் தரகர் டோர்ச் விற்கிறார். ஐம்பது வருடத்துக்கு முந்திய அந்த நடைமுறையை இன்னும் ஏன் இப்படியே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இனி ஆறு ட்ரை.

ட்ரைக் கணக்கைப் பார்த்து ப்ளாங்கரை யாரும் எடுப்பதில்லை. காரணத்தை ஒரு காட்சியில் சொல்கிறேன். எதிரணி தவறு செய்கிறது, பெனால்டி. நம்மவர்கள் பந்தை மூலைக்கு உதைக்கிறார்கள், எதிரணிக் கோட்டிலிருந்து ஐந்து மீற்றரில் லைன்-அவுட், அதாவது பக்கக்கோட்டிலிருந்து பந்தை உள்ளே எறிவது. உயரமான லொக் (இரண்டாம் வரிசை வீரர்) ஒருவரைத் தூக்குகிறார்கள், அவர் பந்தைப் பிடித்து இறங்குகிறார். எட்டுப் பேரும் ஒட்டிக்கொண்டு மோல் கட்டுகிறார்கள். பந்து கைமாறிக் கடைசி ஆளிடம் போகிறது. முன்னால் ஏழு பேர் தள்ள, கடைசி ஆள் கூடவே நடந்து, கோடு காலடியில் வந்ததும் விழுகிறார். ஐந்து புள்ளி. பேப்பரில் அவர் பெயர். உழைத்தது ஏழு பேர். அந்தக் கடைசி ஆள் பெரும்பாலும் ஹூக்கர் (லைன்-அவுட்டில் பந்தை எறிபவர்), சில வேளை ப்ளாங்கர்.

ஆகவே தம்பியின் ஆறு ட்ரையையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். எந்த அணிக்கு எதிராக, எத்தனையாவது நிமிடத்தில், பந்து கைக்கு வந்தபோது கோடு எத்தனை மீற்றர் தூரத்தில், எதிரே நின்றவர் எத்தனை பேர். அட்டவணையின் கீழே கிடக்கும் அணிக்கு எதிராக, 65ஆம் நிமிடத்துக்குப் பிறகு, எதிரணி மூச்சு வாங்கும்போது வைத்த ட்ரை என்றால் அது கழகத்துக்குப் புள்ளி. தெரிவாளருக்கு அதில் செய்தி இல்லை. கண்டி, சீ.ஆர். போன்ற பலமான அணிக்கு எதிராக முதற் பாதியில் வைத்த ஒன்று இருந்தால் அதற்குத்தான் மதிப்பு.

7ஆம் இலக்கத்தை எதற்காக எடுக்கிறார்கள் என்றால், விழுந்த பந்துக்காக. எதிரணி வீரர் டக்கிளில், அதாவது பிடித்து வீழ்த்தப்பட்டு, விழுந்ததும் 7 வந்து, இரண்டு காலும் தரையில் ஊன்றி, இடுப்புக்குக் கீழே தோள் போகாமல் குனிந்து, எதிரணியின் உதவி வந்து சேருமுன் பந்தில் கை வைக்க வேண்டும். அந்த நிலையில் அடி வாங்கியும் ஒரு விநாடி தாக்குப்பிடித்தால், கீழே கிடப்பவர் பந்தை விடவில்லை என்று நடுவர் விசில் ஊதுவார். பெனால்டி நமக்கு.

கழக ஆட்டத்தில் அந்த உதவி பெரும்பாலும் தனி ஆளாக, ஒரு அடி பிந்தி, உயரமாக வரும். தம்பிக்கு நேரம் கிடைக்கும். ஹொங்கொங், தென் கொரியா போன்ற அணிகளில் இரண்டு பேர் ஒன்றாக, தாழ்வாக வருவார்கள். அதே தம்பி அதே இடத்தில் குனிந்தால் தூக்கி எறியப்படுவார். எறியப்படாமல் இருக்கக் கையையோ முழங்காலையோ தரையில் ஊன்றினால் பெனால்டி எதிர்ப்பக்கம் போகும், அதாவது மூன்று புள்ளி, அல்லது நான் மேலே சொன்ன அதே மூலை, அதே மோல். கழகத்தில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த வேலை நாட்டுக்கு ஆடும்போது நட்டமாகலாம். கழக ஆட்டத்தைப் பார்க்கும் தெரிவாளர் கேட்பது 'இது இங்கே பலிக்கிறதா' என்றல்ல, 'அங்கே பலிக்குமா' என்று. இலங்கை 2024இல் கொழும்பில் நடந்த ஆசிய முதற் பிரிவை வென்று, 2025இல் ஹொங்கொங், தென் கொரியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆடிய மேல் பிரிவுக்குப் போனது. அந்தப் பிரிவை வென்ற ஹொங்கொங் 2027 உலகக் கிண்ணத்துக்கே போகிறது. அளவுகோல் அங்கே இருக்கிறது.

நீங்களே அளக்கலாம், பெரிய வித்தை ஒன்றுமில்லை. பலமான அணிகளுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களின் வீடியோவை எடுங்கள். தம்பியை மட்டும் பாருங்கள், பந்தைப் பார்க்காதீர்கள். டக்கிளுக்குப் போனது எத்தனை, அதில் தவறவிட்டது எத்தனை? பத்துக்கு ஒன்றுக்கு மேல் தவறினால் அந்த இலக்கத்துக்கு அது அதிகம். அவர் பெயரில் போன பெனால்டி எத்தனை? ஒரு ஆட்டத்துக்கு ஒன்று பொறுக்கலாம், இரண்டு வழக்கமானால் எந்தப் பயிற்றுவிப்பாளருக்கும் பயம் வரும். விழுந்தால் எழும்ப எத்தனை விநாடி? மூன்றுக்குள் இருக்க வேண்டும். கடைசி இருபது நிமிடத்தில் இந்தக் கணக்கு எப்படி மாறுகிறது என்பதைத் தனியாக எழுதுங்கள். பெரும்பாலான கழக ப்ளாங்கர்களின் குட்டு அங்கேதான் உடையும்.

உடற்தகுதிக்கு ப்ரொங்கோ ஓட்டம் போதும். பூச்சியம், 20, 40, 60 மீற்றரில் அடையாளம் வையுங்கள். 20 போய் வர வேண்டும், 40 போய் வர வேண்டும், 60 போய் வர வேண்டும். அது 240 மீற்றர். நிற்காமல் ஐந்து தரம், மொத்தம் 1200 மீற்றர். ப்ளாங்கர் ஐந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. தம்பி லீவில் ஊருக்கு வரும்போது மக்கெய்சர் மைதானத்தில் காலை ஆறு மணிக்கு ஓட விடுங்கள், அளவு நாடாவால் அளந்து. காலடியால் அளந்தால் 60 மீற்றர் 55 ஆகிவிடும், பிறகு நேரம் அழகாக இருக்கும், ஆள் ஏமாந்திருப்பார். உப்புவெளிக் கடற்கரை மணலில் ஓடுவது காலுக்கு நல்லதுதான், ஆனால் அந்த நேரத்தை எதனோடும் ஒப்பிட முடியாது. ஆட்டம் உள்ள வாரத்தில் இதைச் செய்ய வேண்டாம், நான்கு வாரத்துக்கு ஒரு தரம் போதும்.

இன்னொரு கணக்கும் தம்பிக்குத் தெரிய வேண்டும். ஆட்ட நாளில் ஒரு அணிக்கு 23 பேர். அதில் ஆறு பேர் முன்வரிசைக்காரர்கள், அதாவது ப்ரொப்பும் ஹூக்கரும், என்று விதியே சொல்கிறது. பின்வரிசைக்கு (இரண்டு ப்ளாங்கரும் 8ஆம் இலக்கமும்) வழக்கமாக மிஞ்சுவது நான்கு இடம்: ஆடும் மூவர், பெஞ்சில் ஒருவர். லீக்கில் எட்டு அணி. ஒவ்வொன்றிலும் பின்வரிசையில் மூன்று பேர், ஆக 24 பேர் நான்கு கதிரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருப்பவருக்குக் காயம் வராவிட்டால் கதிரை காலியாவதே அபூர்வம். எனவே அழைப்பு வரவில்லை என்றால் சதி என்று அர்த்தமில்லை.

இந்த இடத்தில் ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கேட்காமலே பலர் மூட்டை கட்டிவிடுகிறார்கள். கழக ஆட்டத் தரத்துக்கும் தேசிய வாய்ப்புக்கும் உள்ள தொடர்பு எல்லா இலக்கத்துக்கும் ஒன்றல்ல. முன்வரிசையில் அது தளர்ந்துவிடுகிறது. ஆறு பேர் கட்டாயம் வேண்டும், ஆனால் சர்வதேச ஸ்க்ரமை, அதாவது இரண்டு அணியிலும் எட்டு எட்டுப் பேர் தோள் கோத்துத் தள்ளுவதைத், தாங்கும் ஆட்கள் எப்போதுமே பற்றாக்குறை. ஆகவே கழகத்தில் பெஞ்சில் இருக்கும் ஹூக்கர்கூடத் தேசிய முகாமில் இருப்பார், கழகத்தில் பெயர் பெற்ற ப்ளாங்கர் வீட்டில் இருப்பார். இது அநியாயம் போலத் தெரியும். ஆனால் அது தேவைக் கணக்கு.

அதனால்தான் சில ப்ளாங்கர்கள் ஹூக்கராக மாறுகிறார்கள். தம்பி உயரம் குறைந்தவராக, கழுத்தும் தோளும் தடித்தவராக, நூறு கிலோவை எட்டக்கூடியவராக இருந்தால் இது யோசிக்க வேண்டிய வழி. ஆனால் லைன்-அவுட்டில் பந்து எறிவது தனி வித்தை. ஐந்து மீற்றர் கோட்டுக்கும் பதினைந்து மீற்றர் கோட்டுக்கும் இடையில், தூக்கிய வீரரின் கையில், மூன்றரை மீற்றர் உயரத்தில், நேராக விழ வேண்டும். மதிலில் அந்த உயரத்தில் சுண்ணாம்பால் அடையாளம் போட்டு, ஆறு, பத்து, பதினான்கு மீற்றரிலிருந்து நாளுக்கு அறுபது எறிதல், அதுவும் ஓடிக் களைத்த பிறகு. இது கையில் ஏற இரண்டு பருவமாவது பிடிக்கும். ஸ்க்ரமில் நடுவில் நிற்பவருக்குக் கழுத்துப் பயிற்சி இல்லாவிட்டால் ஆபத்து. பயிற்றுவிப்பாளர் சொல்லிவிட்டார் என்று பருவத்தின் நடுவில், ஆள் பற்றாக்குறைக்காகத் திடீரென்று அங்கே நிற்க ஒருபோதும் சம்மதிக்கக் கூடாது. மாறுவதென்றால் பருவம் முடிந்த பிறகு, ஸ்க்ரம் மெஷினில் ஆரம்பித்து.

தம்பி இங்கே பிறந்தவர், தகுதி பற்றிக் கவலை இல்லை. ஆனால் இதே தரகர்கள் வெளிநாட்டில் பிறந்த மச்சான்மாரையும் கூட்டி வருவதாகச் சொல்லி, பாட்டியின் பிறப்புச் சான்றிதழை 'ஒழுங்கு செய்து' தருவதாகக் கதைப்பார்கள். பாட்டி உண்மையில் இங்கே பிறந்திருந்தால் ஒழுங்கு செய்ய எதுவும் இல்லை, பதிவகத்தில் பிரதி எடுத்தால் சரி. பொய்க் காகிதத்தின் விலை தெரிய வேண்டுமென்றால் ஸ்பெயினைப் பாருங்கள். தகுதி இல்லாத ஒரு ப்ரொப்பின் கடவுச்சீட்டுப் பிரதியில் திருத்தம் செய்யப்பட்டிருந்தது தெரியவந்து, 2022இல் அந்த நாட்டின் பத்துப் புள்ளிகள் வெட்டப்பட்டன. 2023 உலகக் கிண்ண இடம் ருமேனியாவுக்குப் போனது.

வேலையை விடக் கூடாது. முழங்காலில் ஏ.சீ.எல். தசைநார் அறுந்தால் திரும்பி ஆட ஒன்பது மாதம் ஆகும், அந்த ஒன்பது மாதமும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அழைப்புக் கடிதம் கையில் வந்த பிறகு அதன் பிரதியை வைத்துச் சம்பளமில்லா லீவு கேட்கட்டும், பல கம்பனிகள் கொடுக்கும். கடிதத்தில் திகதி, போக்குவரத்துச் செலவு யாருடையது, காயத்துக்குக் காப்புறுதி உண்டா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றாவது பெரும்பாலும் எழுதியிருக்காது. கழகச் செயலாளரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வேலைக்குப் பிறகு ஜிம்முக்குப் போவதில் பிழையில்லை. அங்கே லேபல் இல்லாத டப்பாவில் விற்கும் பவுடரை மட்டும் தொட வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனையில் 'எனக்குத் தெரியாது' என்பது விடுதலை தராது.

அடுத்த பயிற்சிக்குப் போகும்போது தம்பி தன் பயிற்றுவிப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'சேர், என்னை எடுக்காததுக்கு ஒரு காரணம் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீங்கள்?' எடை, வேகம், பெனால்டி, கடைசி இருபது நிமிடம், ஏதோ ஒன்று வரும். உங்கள் கொப்பியில் இருப்பதோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் அடுத்த பருவத்துக்கு வேலை கிடைத்துவிட்டது. 'மேலே கதைக்க வேணும்' என்று அவரும் சொன்னால், வேறு கழகம் தேடட்டும்.